கரடி நட்ட பனிப்பூ

ஒரு காட்டில், ஓடை வளைந்து போகும் இடத்தில் பெரிய பாறை ஒன்று இருந்தது. பாறையின் உச்சியில் தேனீக்கள் குடியிருந்தன, அடியில் ஒரு கரடி. தேனடையை யாரும் தொடாமல் கரடி காவல் காக்கும். அதற்குக் கூலியாகத் தை பிறந்ததும் தேனீக்கள் ஓர் அடையைக் கொடுக்கும். காவலில் கரடி கெட்டிதான். பொறுமைதான் அதனிடம் மருந்துக்கும் கிடையாது.

ஒரு வைகாசியில் ராணித் தேனீ கரடியைக் கூப்பிட்டது.

"மழைக்கு அப்புறம் இந்தப் பக்கம் ஒரு பூ கிடையாது. போன வருஷம் எங்கள்ல பாதிப் பேர் பட்டினியில செத்துட்டாங்க. வர்ற கார்த்திகைப் பௌர்ணமிக்குள்ள பூ வரலேன்னா மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவோம்."

தேன் இல்லாத தை மாதத்தைக் கரடியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நேரே முயலிடம் ஓடியது. செடி கொடி விஷயத்தில் முயலை விட்டால் அந்தக் காட்டில் ஆள் இல்லை.

முயல் ஒரு துண்டுக் கிழங்கை எடுத்துக் கொடுத்தது.

"இது பனிப்பூ, மாமா. ஓடைக்கரை ஈரத்துல ஊன்றி வைங்க. மண்ணுக்கு அடியில ஓடி ஓடிப் பரவும். பனி விழுந்த பிறகுதான் பூக்கும். அதுவரைக்கும் கை வைக்காம சும்மா இருங்க."

"சும்மா இருக்கிறது ஒரு வேலையா?" என்றது கரடி.

அதைவிடப் பெரிய வேலை இல்லை என்று ஆடியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு துண்டு ஒன்பது தண்டானது. ஆவணியில் கரை முழுக்க இலை. புரட்டாசியில் பாறை வரைக்கும் வந்துவிட்டது. பூ மட்டும் இல்லை. கரடி தினமும் விடிந்ததும் ஒவ்வொரு தண்டாக முகர்ந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடும். ஐப்பசி அடைமழையும் ஓய்ந்து போயிற்று.

பௌர்ணமிக்கு இன்னும் மூன்றே நாள். கரடிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி வந்து சேர்ந்தது. ஈர மண்ணுக்குள் கொழுத்துக் கிடந்த கிழங்கின் மேல் அதற்கு நாலு மாதமாகவே ஒரு கண்.

"என்ன அண்ணே, முகமே சரியில்லையே?"

கரடி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது. பன்றி செடிகளைச் சுற்றி வந்து உச்சுக்கொட்டியது.

"முயல் உங்களை நல்லா ஏமாத்திடுச்சு. இது வெறும் இலைச்செடி அண்ணே. பிடுங்கிப் போட்டுட்டு, மலைக்கு அந்தப் பக்கம் பூத்து நிக்கிற செடியைக் கொண்டுவந்து நட்டு வைங்க."

"பனி விழணும்னு முயல் சொல்லுச்சே?"

"பனிதான் முந்தாநாளே விழுந்துச்சே. பூ எங்கே?"

கரடியைப் பயம் பிடித்துக்கொண்டது. முதல் தண்டைப் பிடித்து இழுத்தது. ஒன்றைப் பிடுங்கிய பிறகு கை நிற்குமா? கரடி பிடுங்கப் பிடுங்க, பன்றி கிழங்கைக் கடித்துத் தின்றுகொண்டே பின்னால் வந்தது. நடுவில் மெல்லிய வாசனை ஒன்று வந்தது. பன்றி மெல்லும் கிழங்கின் வாசனை என்று கரடி நினைத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் கரை மொட்டையாகிவிட்டது. பன்றி வயிற்றைத் தடவிக்கொண்டு நடையைக் கட்டியது.

மறுநாள் காலை ராணித் தேனீ கீழே இறங்கி வந்தது. குவிந்து கிடந்த செடிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு தாயி," என்றது கரடி அவசரமாக. "வேற நல்ல செடியாக் கொண்டு வரேன்."

"நேத்து மத்தியானம் பூ வாசம் மேல வரைக்கும் வந்துச்சு. இனி எங்கேயும் போக வேண்டாம்னு எல்லாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டோம். அந்தப் பூவைப் பார்க்கத்தான் வந்தேன்."

கரடி ஒரு தண்டை எடுத்து உச்சி இலையைப் பிரித்தது. உள்ளே வரிசையாக வெள்ளை மொட்டுகள் வாடிக் கிடந்தன. இன்னொன்றைப் பிரித்தது. அதிலும் அப்படியே. மூன்றாவதைப் பிரிக்காமலே கீழே வைத்தது.

உச்சிப் பொழுதுக்குள் தேனீக்கள் எல்லாம் மலை தாண்டிப் போய்விட்டன. கரடி பழக்கத்தில் பாறையடியிலேயே உட்கார்ந்திருந்தது. காவல் காக்க மேலே ஒன்றும் இல்லை.

நீதி: வேர் ஓடும் காலத்தில் பூவைக் கேட்டு அவசரப்படுகிறவன், பூக்கும் நாளில் வேரையே பிடுங்கிவிடுவான்.