நனையாத வெள்ளம்

ஸ்டுடியோ வைத்திருப்பவனால்தான் சினிமா எடுக்க முடியும் என்று அமெரிக்காவே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நானூறு தியேட்டருக்கும் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கும் முதலாளியான ஹார்கிரேவ், ஒரு சின்ன ஊர்ப் படவிழாவுக்குத் தலைமை தாங்க வந்தார். அங்கே ஓடெஸா என்ற பள்ளிக்கூடச் சமையற்காரி, இரவல் கேமராவில் தான் எடுத்த படத்தோடு நின்றாள். வெள்ளத்தில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதை.

"வெள்ளமா?" முதலாளி மேடையிலேயே சிரித்தார். "வெள்ளம் காட்ட நான் ஏரி மாதிரி தொட்டி கட்டினேன். உன்கிட்ட என்னம்மா இருக்கு?"

"எங்க வீட்டு மாடிப்படி இருக்கு சார்."

"அதை வச்சு என்னை நம்ப வை, பார்ப்போம். நம்பிட்டா என் தியேட்டர் அத்தனையிலும் உன் படம் ஓடும். இல்லேன்னா கேமராவைத் திருப்பிக் கொடுத்துட்டு அடுப்படிக்குப் போ."

முதலாளி மேடையிலிருந்து இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை; தண்ணீர் மோதும் சத்தம் மட்டும். ஒரு தாய், குழந்தையின் ஷூவை எடுத்து ஒரு படி மேலே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு படி மேலே. பிறகு இன்னொரு படி. மேல்படிக்கு வந்ததும் ஷூவை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

விளக்கு எரிந்தபோது ஓடெஸா முன்வரிசையைப் பார்த்தாள். முதலாளி இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலைக் கீழே வைக்கலாம் சார்," என்றாள் அவள். "தரை காய்ஞ்சுதான் இருக்கு."