சத்தம் போன இடம்

தைரியநாதனின் கம்ப்யூட்டர் வாயை மூடி நான்கு நாளாயிற்று. அவர் மனைவி கிருபாவதியும் அன்றிலிருந்து பேசுவதில்லை. கண் போன பிறகு அந்தக் கம்ப்யூட்டர்தான் அவளுக்குப் பத்திரிகையும் வேதாகமமும் தொடர்கதையும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது கீபோர்டு மேல் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் தைரியநாதன் ரஹீமாவை வீட்டுக்கு அழைத்தார். பாளையங்கோட்டையில் அவருக்கு லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைச் சொல்லித்தருகிறவள் அவள். மகள் வயதுதான். ஆனாலும் அவளைக் கண்டால் அந்த ரிட்டையர்டு தலைமை எழுத்தர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றுவிடுவார்.

"சவுண்ட் கார்டு செத்துப் போச்சு டீச்சர். மூணு தரம் லினக்ஸை அழிச்சு அழிச்சுப் போட்டாச்சு. நெட்டுல எவனெவனோ சொன்ன கட்டளையெல்லாம் அடிச்சாச்சு. இனி என்னால ஆகாது."

முப்பது வருஷம் கோப்புகளை மிரட்டி வைத்திருந்த மனிதர், ஒரு பெட்டிக்கு முன்னால் தோற்றுப்போய் நின்றார்.

ரஹீமா ஒரு பாட்டை ஓடவிட்டாள். சத்தம் வரவில்லை. ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"செத்ததுக்கு நாடி துடிக்குமா அண்ணாச்சி? இது பேசிக்கிட்டுதான் இருக்கு."

"பேசுனா கேக்கணும்லா?"

"யார்கிட்ட பேசுதுன்னு பாத்தியளா?"

ரஹீமா மேசையை அடைத்து நின்ற புது மானிட்டரைக் காட்டினாள்.

"பழைய மானிட்டர் வயர் படத்தை மட்டும் கொண்டுபோகும். இந்த வயர் சத்தத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். போற இடத்துல ஸ்பீக்கர் கிடையாது. எப்ப வாங்குனிய?"

"வெள்ளிக்கிழமை" என்றவர் அப்படியே நின்றார். கம்ப்யூட்டர் வாய் மூடியதும் வெள்ளிக்கிழமைதான்.

"இவ்வளவு பெருசு எதுக்கு?"

"எழுத்து பெருசா தெரிஞ்சா அவளுக்குக் கொஞ்சமாவது..."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பார்வை இனி வராதுன்னுட்டாரு. போன மாசமே. அவளுக்கும் தெரியும். எனக்குத்தான் மனசு கேக்கல."

கிருபாவதியின் விரல்கள் கீபோர்டை ஒருமுறை தடவிப் பார்த்தன.

ரஹீமா மானிட்டரின் வயரைப் பிடுங்கினாள். திரை கருத்துப்போனது. அடுத்த நொடி மேசை மூலையில் இருந்த பழைய ஸ்பீக்கரிலிருந்து பாட்டு வந்தது. கிருபாவதி பதறி ஒரு விசையைத் தட்டினாள். தட்டிய எழுத்தைக் கம்ப்யூட்டர் உரக்கச் சொன்னது. இன்னொன்றைத் தட்டினாள். அதையும் சொன்னது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தைரியநாதன் அவளைப் பார்க்கவில்லை. கருத்துக் கிடந்த மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதையும் வச்சுக்கிட்டே சத்தத்தைக் கொண்டுவர முடியாதா?"

"ஏன் முடியாது? சத்தம் எதுல வரணும்னு ஒரு கிளிக்ல மாத்திரலாம்."

"அப்ப மாட்டிருங்களேன். இருட்டாக் கிடக்கு. பாக்க முடியல."

ரஹீமா வயரின் நுனியை அவர் கையில் வைத்தாள்.

"நீங்களே மாட்டுங்க அண்ணாச்சி. யாருக்குன்னு மட்டும் சொல்லிட்டு மாட்டுங்க."