கூடவே போகும் கை

ஆயுதப்படைத் துப்பாக்கிக் கிடங்கில் எண்ணெய் கிடைக்கும், கந்தல் துணி கிடைக்கும், அதிகாரிகளிடம் திட்டும் கிடைக்கும். ஞானம் கிடைக்கும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அங்கே ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள்.

குருவுக்கு வயது முப்பத்தாறு. துப்பாக்கி பழுதுபார்க்கும் ஏட்டு ஜெசிந்தா. சீடருக்கு ஐம்பத்தொன்று. பந்தோபஸ்துக்கு நின்று நின்று முட்டி தேய்ந்துபோய், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றப்பட்ட சுடலைமணி. குரு சீடரை ‘அண்ணே’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். வேலை ஒழுங்காக நடந்தது.

அன்று காலை மலையடிவாரத்துச் சுடுதளத்தில் துப்பாக்கிகளைச் சுட்டுச் சரிபார்க்கும் வேலை. சுடலைமணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“ஒரு பொம்பளப் பிள்ளைய அம்புட்டு தூரம் தனியா அனுப்பலாமா?”

சுடலைமணியின் மகள் செண்பகாவுக்கு நாக்பூரில் வேலை கிடைத்திருந்தது. ரயில் என்ஜினில் உதவி ஓட்டுநர். அன்று சாயங்காலம் வண்டி. சுடலைமணி இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார். விடுப்பு எடுத்துக் கூடவே போய்ச் சில மாதம் தங்கி, அறை, சாப்பாடு, அக்கம்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். ரயிலையே ஓட்டப்போகிறவளுக்கு ரயிலில் துணை எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை.

“அவ என்ன சொல்றா?”

“‘நீங்க ஏறினா நான் இறங்கிருவேன், வேலையே வேண்டாம்’ங்கா. சொன்னா செய்வா மேடம்.”

“ஏனாம்?”

“கோயம்புத்தூர சொல்லிக் காட்டுதா.”

செண்பகாவின் முதல் வேலை கோயம்புத்தூரில். அப்போதும் அப்பா கூடப் போனார். விடுதிக்கு எதிரே அறை எடுத்தார். காலையும் மாலையும் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றார். ‘உங்க வாச்மேன் வந்தாச்சு’ என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் செண்பகா வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அவளுக்கு வெளியூர் ஒத்துவரல மேடம். ஒரு மாசம் தாக்குப்பிடிக்கல. அதனாலதான் இந்தத் தடவையும் கூடப் போகணும்ங்கேன்.”

ஜெசிந்தா வரிசையில் இருந்த துப்பாக்கிகளைப் பார்த்தார்.

“நாப்பத்தொண்ணு என்னாச்சு?” என்றார்.

நாற்பத்தொன்று ஒரு எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. முதல் தோட்டாவை மட்டும் கையால் ஏற்ற வேண்டும். அதன்பின் ட்ரிகரை அழுத்த அழுத்த, வெடித்த வாயுவின் வேகத்திலேயே காலி உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அது கொஞ்ச நாளாகச் சண்டித்தனம் செய்தது. சுடலைமணி அதன் கட்டையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். தன்னால் ஆகாது, பெரிய பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

“அது தேறாது மேடம். ட்ரிகரை அமுக்கினா செத்த மாதிரி கிடக்கு.”

“என்னெல்லாம் பாத்தீங்க?”

“தோட்டா அடைக்கிற மேகசின மாத்தினேன். உள்ள கழுவித் தொடச்சேன். ஸ்பிரிங் புதுசு போட்டேன். வெடிச்ச கேஸ் வார வழியப் பெருசாக்கியும் பாத்தேன்.”

“எத்தனாவது தோட்டா, எந்த ரவுண்டு நிக்குது?”

“முதல் ரவுண்டு.”

“அண்ணே, கேஸ் வரணும்னா முதல்ல ஒண்ணு வெடிக்கணும்ல?”

சுடலைமணி தலையைச் சொறிந்தார்.

“ரெண்டாவது ரவுண்டு நிக்குதா?”

“இல்ல மேடம். முதல் ரவுண்டுலதான் ரெண்டு மூணு தடவ மக்கர் பண்ணும். எப்படியோ பிடிச்சிட்டுதுன்னா மத்ததெல்லாம் கடகடன்னு போயிரும்.”

“முதல் ரவுண்டுக்கும் மத்ததுக்கும் என்ன வித்தியாசம்?”

எல்லாம் ஒரே பெட்டியில் வந்த தோட்டாக்கள்தானே என்று பெட்டியைப் பார்த்தார்.

“சரி, ஏத்துங்க. பாப்போம்.”

சுடப்போகிறார்கள் என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடி தளத்தில் ஏறியிருந்தது. குறிக்குப் பின்னால் இருந்த மண்மேட்டின் பக்கம் ஆள் இல்லை. சுடலைமணி மேகசினை மாட்டினார். இடது கையால் தோட்டா ஏற்றும் கைப்பிடியைக் கடைசி வரை பின்னுக்கு இழுத்தார். பிறகு அதை விடவில்லை. தூங்கிய பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல, பிடித்த பிடியோடு மெல்ல மெல்ல முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தார். குறி பார்த்து ட்ரிகரை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

“பாத்தீங்களா மேடம்?”

“பாத்தேன்.”

ஜெசிந்தா துப்பாக்கியை வாங்கிப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார்.

“இங்க பாருங்க. தோட்டாவ உள்ள தள்ளி அடைக்கிற போல்ட் முழுசா மூடல. நகக்கனம் பாக்கி இருக்கு. மூடாம வெடிச்சா நம்ம மூஞ்சி போயிரும். அதான் ட்ரிகர் வேலை செய்யல.”

“அதான் சொல்லுதேன், இதுல கோளாறு இருக்கு.”

ஜெசிந்தா அந்தத் தோட்டாவை வெளியே எடுத்தார். மறுபடி கைப்பிடியை இழுத்தார். சட்டென்று விட்டார். உள்ளே இருந்த ஸ்பிரிங்கின் வேகத்தில் போல்ட் மடாரென்று போய் மூடியது. சுடலைமணிக்கு உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. ஜெசிந்தா சுட்டார். மண்மேட்டில் புழுதி எழும்பியது. அடுத்ததையும் சுட்டார். அதுவும் போனது.

“இரும்புல இரும்ப இப்படி மோத விடலாமா மேடம்? தேஞ்சிராதா?”

“நீங்க வேலைக்குச் சேந்த புதுசுல எப்படி ஏத்துனீங்க?”

“அப்பல்லாம் இழுத்தா விட்டிருவேன். இங்க வந்த பெறவுதான்... தினம் தொடச்சு எண்ணெ போடுதேன்ல. மனசு கேக்கல.”

“ஒரு வித்தியாசம் கேட்டேன்ல. முதல் ரவுண்டு நிக்குது, மத்தது நிக்கலன்னு.”

“ஆமா.”

“மத்ததையெல்லாம் நீங்க தொடல.”

சுடலைமணி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். துப்பாக்கியைக் கழுவினார், மாற்ற வேண்டாத பாகத்தையெல்லாம் மாற்றினார், சிவப்புத் துணியும் கட்டினார். இந்தக் கையை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை.

“இப்ப இழுங்கண்ணே. பின்னால கடைசி வரைக்கும் நல்லா இழுக்கணும், அதுல குறை வைக்கக் கூடாது. விட்டதும் அந்தக் கை உங்க காதைப் பிடிச்சிருக்கணும்.”

“காதையா?”

“வேற வேலை குடுத்தாத்தான் அது சும்மா இருக்கும்.”

இழுத்தார். விட்டார். ஆனால் விரல்கள் கொஞ்ச தூரம் கூடவே போயின.

“கூடவே போகுது.”

“தெரியுது மேடம். சனியன் கேக்க மாட்டேங்குது.”

அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். விட்டார். கை காதைப் பிடித்தது. மடாரென்ற சத்தம் அவர் நெஞ்சில் விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். நகக்கனம் பாக்கி இல்லை.

சுட்டார். போனது. மேகசின் காலியாகும் வரை சுட்டார். ஒன்றுகூட நிற்கவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தில் முட்டி வலியும் மறந்துபோயிற்று. உட்கார்ந்து, கட்டையிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்தார்.

“நல்ல துப்பாக்கி மேடம். நான்தான் அநியாயமா கெட்ட பேர் வாங்கிக் குடுத்திட்டேன்.”

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. செண்பகா. அவர் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த போனைக் கையில் வைத்தபடி நின்றார்.

“மேடம்.”

“சொல்லுங்கண்ணே.”

“விட்டா... அது ஒழுங்கா போயி உக்காந்துருமா?”

எது என்று ஜெசிந்தா கேட்கவில்லை.

“ஸ்பிரிங் அதுக்குள்ள இருக்குண்ணே. உங்க கையில இல்ல.”

போன் அடித்து ஓய்ந்தது. சுடலைமணி சிவப்புத் துணியைச் சட்டைப்பையில் திணித்தார். பிறகு அவரே கூப்பிட்டார்.

“செண்பகா, என் டிக்கெட்ட ரத்து பண்ணிருதேன்மா.”



“அப்பா, நெசமாவா?”

“நெசமாத்தான். நீ ஏறு. நான் வரல.”

மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் அழுதார். துப்பாக்கி துடைக்கும் துணியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் எண்ணெய்.

காலி உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஜெசிந்தாவிடம் வந்து நின்றார்.

“மேடம், டேசன் வரைக்குமாவது போகலாம்ல?”

“தாராளமா போங்க. பெட்டியத் தூக்கி உள்ள வைங்க. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுங்க. பக்கத்து சீட்டுல யாருன்னு பாருங்க. ஒண்ணும் குறை வைக்காதீங்க.”

“சரி மேடம்.”

“வண்டி நகந்ததும் ஜன்னல் கம்பிய விட்டிருங்க.”

 சுடலைமணியின் இடது கை தானாகப் போய்க் காதைப் பிடித்துக்கொண்டது.