சிவப்பை மறைத்த முயல்

ஒரு காட்டில் மழைக்குக் குறைவே இல்லை. மழை கொட்டும் போதெல்லாம் அந்தக் காட்டின் நடுவே ஓடும் ஆறு பொங்கிக் கரையை உடைக்கும். வெள்ளம் வருவது முன்னாலேயே தெரிந்தால் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? அதற்காக அங்கிருந்த விலங்குகளும் பறவைகளும் கணினியில் ஒரு நிரல் தொகுப்பை எழுதி வைத்திருந்தன. ஜாவா மொழியில் எழுதிய அந்தத் தொகுப்புக்கு 'மழைக்கணக்கு' என்று பெயர்.

ஆற்றில் அங்கங்கே நட்டிருந்த கம்பங்கள் தண்ணீரின் உயரத்தை அளந்து அனுப்பும். மழைக்கணக்கு அதை வாங்கிக் கணக்குப் போட்டு, "ஆறு அமைதி" என்றோ, "வெள்ளம் வருகிறது, மேட்டுக்குப் போங்கள்" என்றோ சொல்லும்.

அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே திறந்து பார்க்கலாம். திருத்தியும் தரலாம். பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது. அதனால் ஆற்றங்கரைக் காடுகள் எல்லாமே அதை நம்பியிருந்தன.

கணக்குகளை எழுதியது மயில். மயிலுக்குப் புகழ்ச்சி என்றால் உயிர். புதிதாக ஒன்றை எழுதி முடித்ததும் தோகையை விரித்துக்கொண்டு காடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வரும்.

எழுதியதைக் கோத்து, சோதித்து, பொட்டலமாகக் கட்டி அனுப்புவது மரங்கொத்தி. மரங்கொத்திக்குப் பொறுமை அதிகம். ஜாவாவில் புதிய பதிப்பு வந்தால் பொட்டலம் கட்டும் வழியை எழுதி வைத்த பழைய கோப்புகள் முரண்டு பிடிக்கும். அது உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்யும். பிறகு சோதனைகளை ஓட்டும்.

சோதனை என்றால் என்ன தெரியுமா? பொய்யாக ஒரு மழையைப் பெய்யவிட்டு, மழைக்கணக்கு சரியான விடை சொல்கிறதா என்று பார்ப்பது. சரி என்றால் திரையில் பச்சை வரும். தவறு என்றால் சிவப்பு வரும். இப்படி நூற்றுக்கணக்கான பொய் மழைகளை மரங்கொத்தி எழுதி வைத்திருந்தது. எல்லாம் பச்சையான பிறகுதான் பொட்டலம் வெளியே போகும்.

அந்தக் காட்டில் ஒரு முயலும் இருந்தது. நல்ல மனசு. ஆனால் அவசரம். ஒருநாள் அது மரங்கொத்தியிடம் வந்து, "மரங்கொத்தியக்கா, இவ்வளவு வேலையைத் தனியாகச் செய்கிறீர்களே. எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டது.

"உனக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நானே செய்து முடித்துவிடுவேன். நீ போ" என்றது மரங்கொத்தி.

முயல் காதுகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது.

மழைக்காலம் நெருங்கியது. மயில் இரவு பகலாக உட்கார்ந்து கணக்கைப் புதிதாக மாற்றி எழுதியது. பழையது விடை சொல்லக் கொஞ்சம் யோசிக்கும். புதியது கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும்.

அந்தச் சமயம் பார்த்து ஒரு காய்ந்த கிளை முறிந்து மரங்கொத்தியின் சிறகின் மேல் விழுந்தது. எலும்பு விலகிவிட்டது. "அசையாமல் படுத்திரு" என்று காட்டு வைத்தியர் கரடி கட்டுப் போட்டுவிட்டுப் போனது. பறக்க முடியாததால் மரங்கொத்தி ஒரு மரத்தடிப் பொந்துக்குள் முடங்கியது.

மயிலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மழை வருவதற்குள் புதிய பொட்டலம் எல்லாக் காட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். யார் கட்டி அனுப்புவது?" என்று அலைந்தது.

"நான் செய்கிறேன், மயிலண்ணா!" என்று முயல் துள்ளிக்கொண்டு வந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"மரங்கொத்தியக்கா செய்யும்போது எட்டி நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் தானாக நடக்கும்."

முயல் உட்கார்ந்து கட்டளையைக் கொடுத்தது. கோப்புகள் கோத்துக்கொண்டன. சோதனைகள் ஓடத் தொடங்கின. திரையில் பச்சை, பச்சை, பச்சை என்று வரிசையாக வந்தது. முயல் முன்னங்கால்களைத் தட்டிச் சிரித்தது. கடைசிக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு சிவப்பு வந்து நின்றது.

"என்ன அது?" என்று மயில் கழுத்தை நீட்டியது.

முயல் படித்துப் பார்த்தது. "ஒரு கம்பத்திலிருந்து செய்தியே வராமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்கிற சோதனை, அண்ணா. பழைய கணக்கு 'தெரியவில்லை, மேட்டுக்குப் போங்கள்' என்று சொல்லுமாம். புதிய கணக்கு 'ஆறு அமைதி' என்கிறது."

"கம்பத்திலிருந்து செய்தி ஏன் வராமல் போகும்? யானைகள் நட்ட கம்பம் அது. இத்தனை நாளில் ஒருமுறையாவது பேசாமல் இருந்ததா?"

"நான் பார்த்து இல்லை."

"பிறகு எதற்கு இப்படி ஒரு சோதனை?"

"எதற்கு என்று ஒரு வார்த்தைகூட எழுதி வைக்கவில்லை. மரங்கொத்தியக்காவைக் கேட்டு வரட்டுமா?"

மயில் வானத்தைப் பார்த்தது. மேகம் திரண்டிருந்தது. "அது வலியில் படுத்திருக்கிறது. போய்த் தொந்தரவு செய்யாதே. நீயே ஏதாவது வழி பார்."

முயல் கொஞ்சம் யோசித்தது. பிறகு அதன் கண்கள் பளிச்சிட்டன. "அண்ணா, சோதனையை அழிக்க வேண்டாம். அதன் தலையில் 'இதைத் தாண்டிப் போ' என்று ஒரு குறி மட்டும் வைத்துவிடலாம். அப்போது அது ஓடாது. ஓடாவிட்டால் சிவப்பும் வராது."

"அட, கெட்டிக்காரன்தான் நீ!" என்றது மயில்.

முயல் குறியை வைத்தது. மறுபடி ஓட்டியது. திரை முழுக்கப் பச்சை. பொட்டலம் ஆற்றின் வழியே இருந்த காடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. "என்ன வேகம்! என்ன வேகம்!" என்று எல்லாக் காடுகளிலிருந்தும் பாராட்டு வந்தது. மயில் தோகையை விரித்தது. முயலுக்கும் தலைகால் புரியவில்லை. தான் செய்த முதல் வேலை அல்லவா?

இரண்டொரு நாளில் மழை பிடித்துக்கொண்டது.

மதியம் ஆவதற்குள் பெரிய காற்று அடித்து, காடுகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் மூங்கில் கோபுரம் சாய்ந்தது. முயல் கொஞ்சம் புழுக்களை இலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு மரங்கொத்தியின் பொந்துக்குப் போனது. நடந்ததை எல்லாம் பெருமையோடு சொன்னது.

"எல்லாச் சோதனையும் பச்சையாக வந்ததா?" என்று மரங்கொத்தி ஆவலோடு கேட்டது.

"எல்லாம் பச்சை. ஒன்றை மட்டும் தாண்டிப் போகச் சொல்லிவிட்டேன்."

"எதை?"

"கம்பம் பேசாமல் போனால் என்ன என்கிற சோதனையை."

மரங்கொத்தி எழுந்து உட்கார்ந்தது. சிறகு வலித்தது. அது அதைக் கவனிக்கவில்லை. "முயலே, கம்பம் எப்போது பேசாமல் போகும் தெரியுமா? வெள்ளம் வந்து கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போகும்போது! மழைக்கணக்கு வருவதற்கு முன்னால், நீயும் மயிலும் இங்கே இல்லாத நாளில், ஒருமுறை அப்படி நடந்தது. அன்றைக்குக் கீழ்க்காட்டில் ஒரு மான் கூட்டமே போய்விட்டது. அதற்காகத்தான் அந்தச் சோதனையை எழுதினேன்."

முயல் பொந்தின் ஓரமாக நின்று ஆற்றை எட்டிப் பார்த்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழன்று ஓடியது. மேல் வளைவில் இருந்த கம்பத்தைக் காணவில்லை.

"கீழ்க்காட்டுக் கரையில் நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது" என்றது மரங்கொத்தி. "அதுவும் நம் பொட்டலத்தைத்தான் நம்பியிருக்கிறது. கோபுரம் விழுந்துவிட்டது. என்னாலோ பறக்க முடியாது."

முயல் அதற்கு மேல் நிற்கவில்லை. புழுச் சுருட்டைப் போட்டுவிட்டு ஓடியது.

வாழ்நாளில் அது எத்தனையோ ஓட்டம் ஓடியிருக்கிறது. இப்படி ஓடியதில்லை. முட்புதர் காதைக் கிழித்தது. பாறையில் வழுக்கி விழுந்து மூக்கில் ரத்தம் வந்தது. ஆற்று வெள்ளம் வளைந்து வளைந்துதான் போகும். முயல் குன்றின் குறுக்கே ஏறி இறங்கியது.

நீர்நாய் தன் வளையின் வாசலில் நிம்மதியாகப் படுத்திருந்தது. குட்டிகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன. அவை இன்னும் நீந்தப் பழகாத குட்டிகள்.

"நீர்நாயக்கா! குட்டிகளைத் தூக்குங்கள்! வெள்ளம் வருகிறது!" என்று முயல் கத்தியது.

நீர்நாய் சிரித்தது. "பயந்துவிட்டாயா, முயலே? இங்கே பார், மழைக்கணக்கு 'ஆறு அமைதி' என்று போட்டிருக்கிறது. அது இதுவரை ஒருநாளும் பொய் சொன்னதில்லை."

"இன்றைக்குச் சொல்கிறது, அக்கா. அதைப் பொய் சொல்ல வைத்தது நான்தான்."

நீர்நாய் முயலின் முகத்தைப் பார்த்தது. பாய்ந்து உள்ளே போய் ஒரு குட்டியைப் பிடரியில் கவ்வி எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. முயல் இன்னொன்றைத் தலையால் முட்டி முட்டி ஏற்றியது. திரும்பி வந்தபோது வளையின் வாசலில் தண்ணீர் ஏறியிருந்தது. உள்ளே இன்னும் ஒரு குட்டி கீச்சென்று கத்தியது. நீர்நாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தது.

முயல் கரையிலேயே நின்றது. அதற்கு நீந்தத் தெரியாது. கடைசியாக நீர்நாயின் தலை வெளியே வந்தது. அதன் வாயில் குட்டி தொங்கியது. அவை மேட்டில் ஏறி நின்ற சிறிது நேரத்தில் கரை அப்படியே பிளந்து ஆற்றுக்குள் சரிந்தது. வளை இருந்த இடம் தெரியவில்லை.

நீர்நாய் குட்டிகளை நக்கித் துவட்டியது. பிறகு சொன்னது: "உங்கள் பொட்டலத்துக்கு நான் ஒன்றும் விலை கொடுத்ததில்லை. உங்களைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டா இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் என் குட்டிகளை அதை நம்பித்தான் தூங்க வைத்தேன்."

முயல் தலையைக் குனிந்துகொண்டு அழுதது. நீர்நாய் அதைத் தடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, "மூக்கைத் துடைத்துக்கொள், ரத்தம் வருகிறது" என்றது.

மழை விட்டதும் முயல் தன் காட்டுக்குத் திரும்பியது. நீர்நாயும் குட்டிகளோடு கூடவே வந்தது. அதற்கு வீடு இல்லையே!

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றது. "அனுப்பு என்று அவசரப்படுத்தியது நான். தப்பு முயலுடையது மட்டும் இல்லை" என்றது.

"கற்றுக்கொடுங்கள் என்று அது கேட்டபோது விரட்டியது நான்" என்றது மரங்கொத்தி. "சோதனை எதற்கு என்று ஒரு வரி எழுதி வைக்காததும் நான்தான்."

"எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டது போதும்" என்றது நீர்நாய். "இப்போது கணக்கை யார் திருத்துவது?"

முயல் தான் வைத்த குறியை எடுத்தது. சோதனை ஓடியது. சிவப்பு வந்தது. இந்தமுறை ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மயில் கணக்கைத் திருத்தியது. மறுபடி ஓட்டிப் பார்த்தன. பச்சை வந்தது. மரங்கொத்தி சொல்லச் சொல்ல, அந்தச் சோதனை ஏன் இருக்கிறது என்பதை முயல் அதன் தலைப்பிலேயே எழுதியது. கோபுரத்தை நிமிர்த்தியதும் திருத்திய பொட்டலம் எல்லாக் காட்டுக்கும் போனது. "முந்தைய பொட்டலத்தில் தவறு இருக்கிறது. தயவுசெய்து அதைத் தூக்கி எறியுங்கள்" என்று கூடவே ஒரு செய்தியும் போனது.

அன்றிலிருந்து பொட்டலம் கட்டும் வேலையை மரங்கொத்தியும் முயலும் சேர்ந்து பார்த்தன. நீர்நாய் அந்தக் காட்டுக் கரையிலேயே புதிய வளை தோண்டிக்கொண்டது. வெள்ளம் எப்படியெல்லாம் வரும் என்று அதற்குத் தெரியும். அது சொல்லச் சொல்லப் புதிய பொய் மழைகள் சேர்ந்துகொண்டே போயின.

கோடை முடியும் நேரத்தில் மயில் இன்னொரு புதிய கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு ஓடி வந்தது. "சீக்கிரம் கட்டி அனுப்பு, முயலே. எல்லாக் காடும் காத்திருக்கிறது!"

முயல் சோதனைகளை ஓட்டியது. வரிசையாகப் பச்சை வந்தது. நடுவில் ஒன்று சிவப்பானது.

"ஒன்றுதானே?" என்று மயில் மெதுவாகக் கேட்டது.

"ஒன்றுதான், அண்ணா" என்றது முயல். "உட்காருங்கள். அது என்ன சொல்கிறது என்று கேட்போம்."

நீதி: எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டால் ஆபத்து வராமல் நின்றுவிடாது.