வீரணன் ஸ்வெட்டர் போன வழி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு மலை இருந்ததாம். மலைக்கு ஒரு கேட்டு இருந்ததாம். கேட்டுக்கு ஒரு சட்டம் இருந்ததாம்: ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் இல்லாத ஆள், வழிகாட்டியே ஆனாலும், மேலே போகக் கூடாது; வழிகாட்டி இல்லாமலும் போகக் கூடாது. காலை வெயிலை நம்பி ஏறினால் மத்தியானம் மழை கொட்டி, சாயங்காலம் குளிரில் பல் கிட்டிக்க வைக்கிற மலை அது.

அந்தக் கேட்டருகே ரெஜினா தன் வீட்டுக்காரர் பிலவேந்திரனோடு நின்றிருந்தாள். மற்ற வழிகாட்டிகளையெல்லாம் முன்னால் வந்தவர்கள் கூட்டிப்போய்விட்டார்கள். மிச்சம் வீரணன் ஒருத்தர்தான். அவரோ மெல்லிசான ஒரு அரைக்கைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பிடப் போன கேட்டு வாட்சர் சின்னமாயன் திரும்பி வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால், ரெஜினா ஒரு வருஷமாக லீவு சேர்த்து வைத்த மலையேற்றம் அவ்வளவுதான்.

"ஸ்வெட்டர் எங்கண்ணே?"

"அது பெரிய கதைம்மா. இந்த மலைக்கு அடுக்கடுக்காப் போடணும். உள்ள பனியன், மேல சட்டை, அப்புறம் ஸ்வெட்டர், ஜெர்கின், எல்லாத்துக்கும் மேல மழைக்கோட்டு. போன ஐப்பசியில சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவுல மேகம் ஒண்ணு மாட்டிக்கிச்சு. தெரியாம பட்டனைப் போட்டுட்டேன்."

"ஸ்வெட்டருக்கு ஏதுங்க பட்டன்?" என்றார் பிலவேந்திரன்.

"இதுக்கு இருந்துச்சு சார். வீட்டுல வந்து கழட்டினா மேகம் வெளிய வந்துருச்சு. என் பொஞ்சாதிக்கு அடுப்பு எங்கன்னே தெரியல. தடவித் தடவிச் சோறாக்கினா. அக்கம்பக்கத்துல குடத்தைத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

ரெஜினா பாதையை எட்டிப் பார்த்தாள். சின்னமாயன் இன்னும் வரவில்லை.

"மேகம் இருக்கட்டும்ணே. ஸ்வெட்டர்?"

"வர்றேன்மா. அடுக்கு சரியா இருந்தா, ஒவ்வொண்ணுலயும் ஒரு பருவம் நிக்கும். எனக்குப் பனியனுக்குள்ள சித்திரை, ஜெர்கினுக்குள்ள மார்கழி. ஒரு தடவை மாவைச் சட்டைக்குள்ள கட்டிக்கிட்டு ஏறினேன். பாதி மலையில பொங்கிருச்சு. உச்சிக்குப் போறதுக்குள்ள இட்லி."

"சட்னி?"

"மலையில சட்னிக்கு எங்க சார் போறது," என்றார் வீரணன் வருத்தமாக.

இட்லி வெந்த அந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"நேத்துதான் வினை. உச்சியில அப்படி ஒரு வெயில். மளமளன்னு கழட்டுறேன். கோட்டு, ஜெர்கின், ஸ்வெட்டர். கை வேகத்துல ஒண்ணு கூடுதலாக் கழட்டிட்டேன்."

"எதை?"

"என்னை. நான் பாறையில கிடக்கேன், துணியெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்துக்கிட்டுக் கீழ இறங்கிப் போகுது. கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பார்க்கல. நேரா வீட்டுக்குப் போய்த் தட்டு முன்னால உக்காந்துருச்சு. பொஞ்சாதி சோறு போட்டிருக்கா. உப்புக் குறை சொல்லாமச் சாப்பிட்டுச்சாம். இனிமே இதுவே இருக்கட்டும்னுட்டா. இந்தச் சட்டை மட்டும் பாவம் பார்த்து எங்கிட்ட நின்னுச்சு."

அதற்குள் சின்னமாயன் வந்துவிட்டார். வீரணனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸ்வெட்டர் எங்க?"

"வீட்டுக்கு நடந்து போயிருச்சாங்க," என்றாள் ரெஜினா.

"ஆமா, வீட்டுலதான் இருக்கு," என்றார் சின்னமாயன், முகம் மாறாமல். "இப்பத்தான் தாண்டி வந்தேன். நேத்து அடிச்ச வெயிலை நம்பி மொத்தத்தையும் துவைச்சுக் கொடியில போட்டிருக்கான். மூட்டம் இறங்கிருச்சு. எல்லாம் சொட்டுது."

"கேட்டீங்கள்ல? நான் சொன்னா நம்பல. வாட்சரே சாட்சி," என்றார் வீரணன்.

சின்னமாயன் கேட்டுச் சங்கிலியில் கை வைக்கவில்லை. "நீ வீட்டுக்குப் போ வீரணா."

வீரணன் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ரெஜினா பையைத் திறந்து, உபரியாக எடுத்து வந்த ஸ்வெட்டரையும் மழைக்கோட்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

"அது என்னோடது," என்றார் பிலவேந்திரன்.

"தெரியும்," என்றாள் ரெஜினா.

வீரணன் போட்டுக்கொண்டார். சின்னமாயன் சங்கிலியைக் கழற்றிவிட்டார். பிலவேந்திரன் அவர் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகச் சொன்னார்: "சாயங்காலம் நீங்கதான் கொண்டுவந்து கொடுக்கணும். அதுவா நடந்து வந்தா வாங்கிக்க மாட்டேன்."

மூவரும் மூட்டத்துக்குள் ஏறிப் போனார்கள். சின்னமாயன் சங்கிலியை மாட்டினார். தன் ஸ்வெட்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, காவல் அறையைப் பார்த்து நடந்தார்.