சீட்டு இல்லாமல் வந்த நாட்கள்

2019 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு நாற்பதுக்குச் சென்னியப்பனின் வீட்டில் இருநூற்றுப் பதினொரு நாட்கள் உட்கார்ந்திருந்தன.

வீடு கோவைக்குக் கிழக்கே, மூடப்பட்ட ஒரு நூற்பாலையின் பின்தெருவில் இருந்தது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. நாட்கள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. சமையல் மேடைக்குக் கீழே ஒன்று கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் சாம்பல் நிறம். முகம் இருக்க வேண்டிய இடம் துடைத்துவிட்டாற்போல் வழவழவென்று இருந்தது. எது அக்டோபர், எது ஜனவரி என்று அவற்றுக்கே தெரியாது.

முகம் ஒன்றுக்குத்தான் இருந்தது. அது செப்டம்பர் மூன்று. மில் கேட்டில் மூடல் அறிவிப்பை ஒட்டிய நாள். அதன் மேல் இன்னும் பசை வாசம் அடித்தது. பேச்சு அப்படியே மில் மேனேஜரின் பேச்சு. மற்றவை அதை மூத்த நாள் என்று கூப்பிட்டன.

அவை அங்கே சேர்ந்ததற்குக் காரணம் எளிது. வேலையோடு வந்த நாள் மாலையில் கிளம்பிப் போய்விடும். வேலையில்லாமல் வந்த நாளுக்குப் போக இடமில்லை. உட்கார்ந்துவிடும்.

இது சென்னியப்பனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வரை தெரியாது. அவருக்கு வயது நாற்பத்தேழு. மில்லின் டைம் ஆபீஸில், ஆட்களுக்கு ஷிப்ட் பிரித்துக் கொடுக்கிற வேலையில், இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அன்று காலை ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். அவர் மனைவி சாந்தாமணி, பனியன் கம்பெனிக்குப் போகிற அவசரத்தில், டீ டம்ளரைக் கொண்டுவந்து கட்டில் முனையில் வைத்தாள்.

"ஏனுங்க, ஆறிப்போகுது, குடிங்க" என்றாள் கட்டிலைப் பார்த்து.

"சாந்தா, நான் இங்க நிக்கறேன்."

அவள் திரும்பினாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கட்டிலைப் பார்த்தாள்.

"அங்கயா இருக்கறீங்க? இங்க உட்கார்ந்திருந்தாப்ல இருந்துச்சு." அருகில் வந்து கண்ணைச் சுருக்கினாள். "என்னமோ உங்க மொகம் தேய்ஞ்சு கிடக்குதுங்க. வெளிச்சம் பத்தலையோ என்னமோ."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டாள். சென்னியப்பன் கட்டிலைப் பார்த்தார். டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது வழவழத்த முகத்தை அவர் பக்கம் திருப்பியது. பிறகு வீட்டில் இருந்த எல்லா நாட்களும் திரும்பின.

"பயப்பட வேண்டாம், மிஸ்டர் சென்னியப்பன்" என்றது மூத்த நாள். "நாங்கள் வேறு யாருமல்ல. உங்கள் நாட்கள்தான்."

"இங்க என்ன பண்றீங்க?"

"சேருகிறோம். முந்நூற்று அறுபத்தைந்து ஆனால் நாங்கள் நாட்கள் இல்லை, ஓர் ஆண்டு. ஆண்டுக்குத் தனி வீடு வேண்டும். இது போதும்."

"அப்ப நான்?"

"உங்களுக்கும் இதில் இடம் உண்டு. உங்கள் மனைவிக்கு இப்போதே வித்தியாசம் தெரியவில்லை, கவனித்தீர்களா? இன்னும் நூற்று ஐம்பத்து நான்குதான்."

சென்னியப்பன் சட்டையைத் தேடினார். இதுவரை வேலையே தேடவில்லை என்று சொல்ல முடியாது. யாராவது எங்காவது ஆள் வேண்டும் என்று சொன்னால் போவார், இல்லையென்றால் இருப்பார். இனி அப்படி இல்லை, முறையாகத் தேடுவது என்று முடிவு செய்தார். மூத்த நாள் அதைத் தடுக்கவில்லை. அது ஏன் என்று அவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"நல்ல முடிவு" என்றது. "ஆனால் முதலில் திட்டம் வேண்டும். திட்டமில்லாமல் வாசல்படி இறங்கக் கூடாது."

நான்கு சார்ட் பேப்பர் வாங்கினார். மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் பேனா வாங்கினார். தொழில், நிறுவனம், தகுதி, குறை, தெரிந்தவர், தேதி என்று கட்டங்கள் போட்டார். நாட்கள் சுற்றி நின்று மூலைகளைப் பிடித்துக்கொண்டன. ஒன்று ஸ்கேலை எடுத்துக் கொடுத்தது.

"பச்சைக் கோடு கொஞ்சம் கோணல்."

"ஆமா, அதை அடிச்சுட்டுப் புதுசா போடுங்க."

"ஆஸ்பத்திரியும் ஹோட்டலும் ஒரே கட்டத்துல வருமா? யோசிச்சுச் செய்யணும்."

தகுதி என்ற கட்டத்தில் அவர் எல்லா வரியிலும் மில் என்றே எழுதினார். குறை என்ற கட்டத்தை மூத்த நாள் சொல்லச் சொல்ல எழுதினார். அது அடுத்த தாளுக்கும் போனது.

இருபது நாள் ஆயிற்று. ஒவ்வொரு மாலையும் சுவரில் கட்டங்கள் கூடின. ஒவ்வொரு மாலையும் கூடத்தில் ஒன்று கூடுதலாக உட்கார்ந்தது.

ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. சாந்தாமணி இடுப்பில் கை வைத்துச் சுவரைப் பார்த்தாள்.

"கட்டமெல்லாம் கோலமாட்டம் இருக்குதுங்க. இதுல எந்தக் கட்டம் செருப்பைப் போட்டுக்கிட்டு வெளிய போகும்?"

நாட்கள் சிரித்தன. வாய் இல்லாததால் தோள்கள் மட்டும் குலுங்கின. அன்றிரவுக்குள் எண்ணிக்கை இருநூற்று முப்பத்தொன்று.

மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தார். படியில் ஒரு நாள் நின்றுகொண்டிருந்தது. இதற்கு முகம் இருந்தது. இப்போதுதான் கழுவிய முகம்.

"உள்ள வரட்டுங்களா?"

வா என்று சொல்ல வாயெடுத்தார்.

"வந்தா உட்கார்ந்துருவேனுங்க" என்றது அது. "உட்கார்ந்தா இந்த மொகம் போயிரும். எனக்கு முன்னால வந்தவங்க எல்லாம் அப்படித்தான். இன்னிக்கு என்ன டூட்டின்னு இங்கயே சொன்னீங்கன்னா நான் பாட்டுக்குப் போய்ட்டே இருப்பேன்."

"சீட்டு இல்லாம ஆரையும் உள்ள விடறதில்ல" என்றார் சென்னியப்பன்.

யோசித்துச் சொன்னதல்ல. இருபத்திரண்டு வருடம் சொன்ன வாய் தானாகச் சொல்லிவிட்டது. மில் கேட்டில் காலை ஷிப்டுக்கு முன் பதிலி ஆட்கள் வந்து நிற்பார்கள். அன்றைக்கு யார் வரவில்லையோ அவருடைய மெஷினுக்கு ஒரு பதிலி. எந்த மெஷின் என்று எழுதிய துண்டுச் சீட்டைச் சென்னியப்பன் அவன் கையில் கொடுப்பார். சீட்டு இல்லாதவன் கேட்டைத் தாண்டக் கூடாது. இரக்கப்பட்டு உள்ளே விட்டால் மரத்தடியில் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தவனை எழுப்ப இரண்டு பேர் வேண்டும். இந்த விஷயத்தில் மேனேஜர் சொன்னாலும் சென்னியப்பன் கேட்டதில்லை.

படியில் நின்ற நாள் அவர் தோளுக்கு மேலாகக் கூடத்தை எட்டிப் பார்த்தது.

"இதை அவங்ககிட்ட ஒரு நாளும் சொல்லலீங்களே" என்றது.

அவர் உள்ளே போனார். சுவரில் இருந்த சார்ட்டின் மூலையைக் கிழித்தார்.

"மிஸ்டர் சென்னியப்பன்!" மூத்த நாள் எழுந்துவிட்டது. "அது திட்டம்!"

"இது துண்டுச் சீட்டு" என்றார் அவர். பின்பக்கம் ஒரு வரி எழுதினார். 'எதிர்வீட்டு மருதாசலம் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸுக்கு டிரைவர் டூட்டி போடுவது யார் என்று கேட்பது.'

"இவ்வளவுதானுங்களா?" என்றது படியில் நின்றது.

"ஒரு ஆளுக்கு ஒரு மெஷின். ரெண்டு கொடுத்தா ரெண்டுலயும் நூல் அறும்."

"சரி, கிளம்புங்க" என்றது அது.

"நானுமா?"

"நான் போற எடத்துக்குத்தான நீங்களும் வந்தாகணும்?"

அன்று மாலை ஆறு மணிக்கு அந்த நாள் வாசலில் சீட்டைக் காட்டியது. அவர் ஒரு டிக் போட்டார். அது தெருவில் இறங்கிப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. முதன்முறையாக எண்ணிக்கை கூடவில்லை.

அதற்குப் பிறகு சார்ட் தினமும் கொஞ்சம் சின்னதாகியது. திங்களும் செவ்வாயும் புது இடங்களுக்கு. அங்கே வேலை கேட்பதில்லை, ஆட்களை எப்படிப் பிரித்து அனுப்புகிறீர்கள் என்று மட்டும் கேட்பது. புதன் கம்ப்யூட்டர் சென்டருக்கு. வியாழன் விண்ணப்பம் எழுத, ஒரு நாளைக்கு ஒன்றுதான், அந்த இடத்துக்கென்றே எழுதியது. வெள்ளி, பதில் சொல்லாத இடங்களுக்கு மறுபடி போய் நிற்க. சனி, அந்த வாரம் என்ன தப்பு என்று பார்க்க. ஞாயிற்றுக்கிழமைக்கும் சீட்டு உண்டு. அதில் வார லீவு என்று எழுதினார். அந்த நாள் அதை வாங்கிக்கொண்டு சாந்தாமணியோடு சேர்ந்து பூண்டு உரித்துவிட்டுப் போனது.

மூன்றாவது வாரம்தான் அவருக்கு உறைத்தது. பஸ் ஷெட்டிலும் செக்யூரிட்டி ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் யாரோ ஒருவர் விடியற்காலையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, வராத ஆளுக்கு மாற்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். டைம் ஆபீஸ் எல்லா இடத்திலும் இருந்தது. பேர்தான் வேறு. தகுதி என்ற கட்டத்தில் மில் என்று எழுதியது தப்பு.

எல்லாம் சீராகப் போயிற்று என்று சொல்வதற்கில்லை. மே 10 அன்று ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் அவர் வயதைக் கேட்டதும் ஃபைலை மூடிவிட்டார்கள். மறுநாள் சீட்டு எழுதாமல் கதவைத் திறந்தார். வந்த நாள் தயங்கி நின்றது. பிறகு உள்ளே வந்தது. மூத்த நாள் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தது. பத்து நிமிஷத்தில் அதன் முகம் வழித்துவிட்டாற்போல் ஆயிற்று. எட்டு வாரத்தில் இப்படி நான்கு. மொத்தம் இருநூற்று முப்பத்தைந்து.

ஆனால் ஒரு மாலை சாந்தாமணி கம்பெனியிலிருந்து வந்து, பையை இறக்கி, டீ போட்டு, நேராக அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப மொகம் தெரியுதுங்க. கறுத்துப்போச்சு, ஆனா தெரியுது."

ஜூன் 12, புதன்கிழமை, ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்காணல். வார்டுகளுக்கு டூட்டி சார்ட் போடுகிற வேலை. நர்சிங் சூப்பிரண்டென்ட் பெர்னதெத் அம்மாள் அறையில் அவர் உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலியில் பசை வாசம் அடித்தது. மூத்த நாள் கூடவே வந்திருந்தது.

"செப்டம்பர்ல இருந்து என்ன பண்ணீங்க?" என்றார் பெர்னதெத் அம்மாள்.

"உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள்" என்று காதில் சொன்னது மூத்த நாள். "அப்பா படுக்கையில் என்று சொல்லுங்கள். சொந்தத் தொழில் என்றும் சொல்லலாம்."

"இருநூத்து முப்பத்தஞ்சு நாள் சும்மா இருந்தேனுங்க, மேடம்" என்றார் சென்னியப்பன். "மிச்சத்துல வேலை தேடினேன்."

பெர்னதெத் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். சென்னியப்பனைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"அவரை வெளியே நிக்கச் சொல்லுங்க" என்றார். "எனக்கும் ஒருத்தர் இப்படித்தான் கூடவே வந்துட்டிருந்தார். பேச விட்டா நிறுத்த மாட்டார்."

மூத்த நாள் எழுந்து வெளியே போயிற்று. பெர்னதெத் அம்மாள் ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"நைட்டுக்கு ஏழு பேர் வேணும். ரெண்டு பேர் வரலை. ஒருத்தி, நானே இன்னிக்கும் பாக்கறேன்னு சொல்றா. போடுவீங்களா?"

சென்னியப்பன் தாளை விரலால் தடவிப் பார்த்தார்.

"மாட்டேனுங்க. இந்தப் பொண்ணு தொடர்ந்து ரெண்டு நைட் பாத்திருக்குது. மூணாவது போட்டாத் தூங்கிரும். மில்லுல தூங்கினா நூல்தான் அறும்."

"இங்க?"

"அதனாலதானுங்க போட மாட்டேன்."

ஜூன் 17, திங்கட்கிழமை, அவர் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக்கு வருகிற நாட்கள் இப்போது படியிலேயே அவரைச் சந்தித்து அவரோடு போய்விட்டன. உள்ளே இருந்தவற்றைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

"இன்னும் நூத்து முப்பது வேணுமே" என்றது சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்த நாள். "இனி இங்க ஆரும் வர மாட்டாங்க. நாம என்ன பண்றது?"

"காத்திருப்போம்" என்றது மூத்த நாள். "சொல்லி அனுப்புவார்கள்."

2019 ஜூலை 1, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்குப் பக்கத்து ஊரில் இரும்பு வார்க்கிற பவுண்டரி ஒன்றில் அறுபத்து மூன்று பேரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். பதினொரு மணிக்கெல்லாம் மூத்த நாள் அந்த ஊர்ப் பக்கம் முன்னே நடக்க, சென்னியப்பனின் வீடு காலியாகிவிட்டது.