நூற்றெட்டாவது இலை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு பி.எட். படித்த செண்பகவல்லியின் அம்மா பொன்னுத்தாய், குளித்தலைக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரையில் இருக்கும் ஒரு சின்ன மடத்தில் சமையல் செய்கிறார். அவர் பார்த்ததை மகளிடம் சொன்னார். மகள் விடுதியில் என்னிடம் சொன்னாள். இரண்டு வாய் கடந்து வந்த விஷயம். என் பங்குக்கு எதையும் சேர்க்காமல் எழுதப் பார்க்கிறேன்.

அந்த மடத்துச் சாமிக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. சீடர் மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் கேட் கீப்பராக வேலை பார்த்தவர். மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்து தங்கிவிட்டார்.

காலைப் பூசையைச் சாமி அவரிடம் ஒப்படைத்திருந்தார். வேலை எளிதானது. நூற்றெட்டு வில்வ இலை, நூற்றெட்டுப் போற்றி. ஒவ்வொரு போற்றிக்கும் ஓர் இலையைச் சிவலிங்கத்தின் மேல் இட வேண்டும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடித்த பிறகுதான் பூசை செய்தவர் தண்ணீர்கூடக் குடிப்பார்.

முதல் சில மாதங்கள் ஏழு மணிக்குத் தொடங்கி, ஏழே முக்காலுக்கு இட்லி சாப்பிட வந்துவிடுவார். பிறகு ஒன்பது மணியானது. பதினொன்றானது. நடுவில் மனம் வேறெங்கோ போய்விட்டதோ என்று தோன்றினால், இட்ட இலைகளையெல்லாம் எடுத்துக் கழுவி முதலிலிருந்து தொடங்கினார். ஒரு போற்றியைச் சரியாகச் சொன்னோமா என்று சந்தேகம் வந்தாலும் முதலிலிருந்துதான். ஆடி மாதம் வந்தபோது பூசை முடியப் பிற்பகல் மூன்று மணியாகிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டுட்டே பண்ணுங்க ஐயா" என்று சாமி ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். அப்படி ஒரு பேச்சைக் கேட்டதற்குப் பிராயச்சித்தமாக மாசிலாமணி அன்றைக்கு இன்னொரு சுற்றுக் கூடுதலாகச் சொன்னாராம்.

பார்த்தவர்கள் கைகூப்பினார்கள். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா!" என்றார்கள். பக்கத்து ஊரிலிருந்து குழந்தைகளைக் கூட்டிவந்து அவர் காலில் விழவைத்தார்கள்.

பொன்னுத்தாய் மட்டும் கும்பிடவில்லை.

"அண்ணே, சிவபெருமானுக்கே கால் மரத்துப்போயிரும். எவ்வளவு நேரந்தான் உங்களுக்காக உட்கார்ந்திருப்பாரு?"

"தப்பா முடிச்சிடக் கூடாது தாயி."

"தப்பா முடிச்சா என்ன ஆகும்?"

மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேத்திக்கு ஏதாச்சும் ஆயிரும்."

பொன்னுத்தாய் கேலியை நிறுத்திக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினார்.

ஒரு நாள் மாசிலாமணி குழாயடியில் மயங்கி விழுந்தார். தகவல் போய், கரூரிலிருந்து மகள் கோமதி வந்தாள். வந்தவள் நேராகச் சாமியின் முன்னால் போய் நின்றாள்.

"எங்கப்பா இங்க வர்றப்ப அறுபத்தெட்டு கிலோ இருந்தாரு. இப்ப எலும்பும் தோலுமா கெடக்குறாரு. இதுக்குப் பேரு பக்தி இல்ல சாமி. எல்லாம் இந்தப் பூசையால வந்தது. நான் கூட்டிட்டுப் போறேன். டாக்டர்கிட்ட காட்டுறேன். அப்புறம் இந்தப் பக்கமே அவரை விடமாட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டத்தாம்மா வேணும். மனசுக்குப் பார்க்கிற டாக்டர் எந்தக் கிழமை இருப்பாங்க?"

"செவ்வாக்கிழமை."

"இன்னிக்கு ஞாயிறு. ரெண்டு நாள் இங்கயே இரும்மா. நானும் வர்றேன்."

சண்டைக்கு வந்தவள் தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாசிலாமணி மெதுவாக எழுந்து வந்தார்.

"சாமி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்கு இருக்கிறது பக்தியா, நோயா?"

சாமி நகர்ந்து அவருக்கு உட்கார இடம் விட்டார்.

"நோய்னா மாத்திரை கொடுப்பாங்க. அது மாத்திரையில போகுதுன்னா, சிவன் மேல நான் வச்சிருக்கிறதும் சேர்ந்து போயிருமே. இவ அம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

கோமதி தலை குனிந்துகொண்டாள்.

"கேட்டுல வேலை பார்த்தப்ப என்ன செய்வீங்க ஐயா?" என்று கேட்டார் சாமி.

"ஸ்டேஷன்லேருந்து போன் வரும். கேட்டைச் சாத்திப் பூட்டுவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பச்சைக் கொடியை எடுத்துக்கிட்டு லைன் பக்கத்துல போய் நிப்பேன்."

"பூட்டை எத்தனை தடவை இழுப்பீங்க?"

"ஒரு தடவை."

"சந்தேகம் வந்தா?"

"வராம இருக்குமா? வரும். ஆனா நான் பூட்டுகிட்டயே நின்னா, கொடி காட்ட ஆள் இல்லையே. டிரைவர் வண்டியை நிறுத்திப்புடுவான். ஒரு வண்டி ஜனம் வெயில்ல கெடக்கும்."

"சந்தேகத்தோடயே கொடி காட்டுவீங்களா?"

"காட்டித்தானே ஆகணும்."

"முப்பத்தொரு வருஷமா?"

"முப்பத்தொரு வருஷமா."

"சரி. நாளைக்குப் பூசையில நான் பக்கத்துல உட்கார்றேன்" என்றார் சாமி.

மறுநாள் காலை மாசிலாமணி இலைகளைக் கழுவித் தட்டில் அடுக்கினார். மூன்று முறை எண்ணினார். நூற்றெட்டு. உட்கார்ந்து முதல் இலையை எடுக்கப் போனார். அதற்குள் சாமி தட்டிலிருந்து ஓர் இலையை எடுத்துத் தம் வாயில் போட்டு மென்றார்.

"ஐயோ சாமி! அது எண்ணி வச்ச இலை!"

"துவர்க்குது" என்றார் சாமி. "ம், ஆரம்பிங்க."

"ஒண்ணு குறையுதே."

"ஆமா."

"ஓடிப்போய் ஒண்ணு எடுத்துட்டு வந்திடறேன்."

"வேணாம். நூத்தியேழோட முடிங்க. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கவும் கூடாது. இது என் உத்தரவு."

"சாமி... பேத்தி..."

"இலையைத் தின்னது நான். தப்புன்னா என் பேர்ல எழுதிக்கட்டும்."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பொன்னுத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"பசிக்குதுன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சாமி? இட்லிதான் வெந்துக்கிட்டிருக்கே!"

கோமதி சிரித்துவிட்டாள். மடத்துக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

மாசிலாமணி தொடங்கினார். நாற்பது இலை தாண்டியதும் அவர் குரல் நின்றது. இட்ட இலைகளை வாரி எடுக்கக் கை நீண்டது.

"வண்டி வருது" என்றார் சாமி.

நீண்ட கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு தட்டுக்குத் திரும்பி அடுத்த இலையை எடுத்தது.

அதன் பிறகும் இரண்டு முறை கை நீண்டது. இரண்டு முறையும் சாமி அதே இரண்டு வார்த்தைகளைத்தான் சொன்னார்.

நூற்றேழாவது இலை விழுந்தது. மாசிலாமணியின் விரல்கள் வெறும் தட்டைத் தடவின. சட்டையில்லாத முதுகில் வியர்வை ஓடியது. எழுந்திருக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியும் எழுந்திருக்கவில்லை. இருவரும் கால் மணி நேரம் அப்படியே இருந்தார்கள்.

கடைசியில் மாசிலாமணி, "கொஞ்சம் தண்ணி கொடு தாயி" என்றார்.

அப்போது மணி எட்டே கால்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு வாங்கும் வரிசையில் சாமியே நின்றார். காவியைப் பார்த்து ஒருவர் வழிவிட்டார். "நீங்கதானே முன்னாடி வந்தீங்க" என்று சாமி அவர் பின்னாலேயே நின்றுகொண்டார்.

டாக்டர் ஓர் இளம் பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இது கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் வரும், போகாதவர்களுக்கும் வரும் என்றார். சிலர் கையைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள், சிலர் கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்ப்பார்கள், இவருக்கு இலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். கோமதி அந்த ஓர் இலை சங்கதியைச் சொன்னதும் நிமிர்ந்து சாமியைப் பார்த்தார்.

"நாங்களும் இப்படித்தான் பழக்குவோம். உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"இவர்தான்" என்று சாமி மாசிலாமணியைக் காட்டினார். "கேட் கீப்பரா இருந்தவர்."

"அப்ப தினமும் இதே மாதிரி நூத்தியேழோடயே முடிங்க ஐயா" என்றார் டாக்டர்.

கோமதி தனியாகத்தான் கரூருக்குத் திரும்பினாள்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். மாசிலாமணி அடுப்படி வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. சாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பூசை முடிஞ்சு நிறைய நேரம் மிச்சமாகுதே, என்ன பண்றீங்க?"

"தேங்காய் துருவித் தர்றேன் சாமி."

"துருவுறாரு! பாதி அவரு வாய்க்குள்ள போகுது" என்று உள்ளேயிருந்து பொன்னுத்தாயின் குரல் வந்தது.

"அப்புறம்?"

"வாய்க்கால் படியில சும்மா உட்கார்ந்திருப்பேன்."

"சந்தேகம் வருதா?"

"வருது. வந்து பக்கத்துல நிக்குது. நான் என் வேலையைப் பார்க்குறேன். போயிருது."

"சும்மா உட்கார்ந்திருக்கிறப்ப சிவன் நெனப்பு வருமா?"

மாசிலாமணி துருவுவதை நிறுத்தினார்.

"நேத்து வந்துச்சு சாமி. மழை பெஞ்சு வாய்க்கால்ல கலங்கலாத் தண்ணி வந்துச்சு. பார்த்துக்கிட்டே இருந்தேன். எங்கிருந்தோ வந்துச்சு."

"எத்தனை தடவை?"

"அதை எண்ணலையே."

சாமி துருவலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அதான் ஐயா நூத்தியெட்டாவது."

போன மாசி மாதம் நான் அந்த மடத்துக்குப் போனேன். எழுதுவதற்கு முன் ஒரு தடவையாவது சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. மாத்திரையா, இலையா, எது அவரைத் தேற்றியது என்று பொன்னுத்தாயிடம் கேட்டேன். "ரெண்டையும் அவரு இன்னும் விடலைம்மா" என்றார். காலைப் பூசையில் ஓரமாக உட்கார்ந்து, மாசிலாமணி இலை இடுவதை எண்ணினேன்.

நூற்றேழு. ஒரு தடவைதான் எண்ணினேன்.